மலைவாழையும் ஹாப் கொடியும்

பட்டணத்தில் படித்துத் தொழில் செய்யும் வாலிபர் சிலர் சமீபத்தில் நம்மிடம் ஒரு யோசனை சொன்னார்கள். பெங்களூர் முதலிய நகரங்களில் சிறு வடிப்பாலைகள் தோன்றி, யந்திரப் பெருக்கத்தை நாடாமல் கைத்தொழில் முறையில் பீர் தயாரித்து வருகின்றன. அதற்கு வேண்டிய உயர்ந்த ரகப் பார்லி முளையும் ஹாப் பூவும் பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றன. கோடைக்கானலோ சீமையைப் போலக் குளிர்ந்த மலை. அங்கே அந்தச் சரக்குகளை விளைவித்தால் பணம் நாட்டிலேயே தங்கும். மலைக் குடியானவனுக்கும் பிழைப்பு உண்டாகும். இதுவும் சுதேசியம் அன்றோ என்பது அவர்கள் வாதம்.

மது விஷயத்தில் நம்முடைய அபிப்பிராயம் நேயர்கள் அறிந்ததே. 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கி வைத்ததும், 1948-இல் அது சென்னை ராஜதானி முழுவதற்கும் விரிந்ததும், 1971-இல் அது தளர்த்தப்பட்டதும், 1983-இல் சர்க்காரே மது வியாபாரத்துக்கென ஒரு கம்பெனி அமைத்ததும் தமிழ்நாட்டின் சரித்திரம். அரசியல் சாசனத்தின் 47-ஆவது ஷரத்து இன்னும் ஏட்டில் இருக்கிறது. ஆகவே குடியை வளர்க்கும் எந்த யோசனைக்கும் நாம் துணை நிற்க மாட்டோம். ஆயினும் வாலிபர்கள் கேட்ட கேள்வியில் ஆராயத் தக்க விஷயம் ஒன்று உண்டு. நல்ல பண்டத்துக்கு நல்ல சரக்கு எங்கிருந்து வருகிறது? அதைப் பெறுவதற்கு மேனாட்டார் என்ன செய்தார்கள்? நாம் என்ன செய்கிறோம்? வேண்டாதவனிடத்திலும் கற்க வேண்டியதைக் கற்பதில் இழுக்கொன்றும் இல்லை.

ஹாப் ஏன் விளையாது?

பீருக்கு வேண்டிய சரக்குகள் நான்கே. பார்லி என்னும் வாற்கோதுமையை நனைத்து, முளைகட்டி, உலர்த்திய முளைத் தானியம், கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூ, தண்ணீர், நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். 1516-ஆம் வருஷம் பவேரியா நாட்டு மன்னர்கள் பிறப்பித்த சட்டம், பார்லி, ஹாப், தண்ணீர் இம்மூன்றையன்றி வேறெதையும் சேர்க்கலாகாது என்று விதித்தது. ஈஸ்டைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. அது பின்னால் பாஸ்டர் முதலியோர் விளக்கிய விஷயம்.

இவற்றுள் தண்ணீருக்குப் பழனி மலையில் குறைவில்லை. பாறைகளின் மேல் ஓடி வரும் மழைநீர் உப்புச் சத்துக் குறைந்த மென்னீர். 1842-இல் பொஹீமியா தேசத்துப் பில்ஸன் நகரில் உலகப் புகழ் பெற்ற பீர் பிறந்ததற்கு அவ்வூர்த் தண்ணீரின் மென்மையும் ஒரு காரணம் என்பர். பார்லியும் நமது மலைகளுக்குப் புதியதன்று. நீலகிரியில் வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே பீர் வடிப்பாலைகள் இருந்தன. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய வடிப்பாலைகள் சிலவற்றை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை ஏற்படுத்தியபோது நீலகிரி வடிப்பாலையும் அதில் சேர்ந்தது. இக்காலத்தில் இந்தியாவின் பார்லி பெரும்பாலும் ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் முதலிய வடநாட்டுச் சமவெளிகளில் விளைகிறது. முளைகட்டுவதற்கென்று தனி ரகங்களைக் கர்னாலில் உள்ள கோதுமை–பார்லி ஆராய்ச்சி ஸ்தாபனம் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. உண்பவன் புரதம் மிகுந்த தானியத்தை விரும்புகிறான். வடிப்பவனோ புரதம் குறைந்து மாவு மிகுந்த மணியைத் தேடுகிறான். ஆகவே ஒரே பயிரானாலும் எருவிடும் முறை முதல் எல்லாம் வேறாகிறது.

தடை ஹாப் கொடியிடத்தில்தான். குளிர் மட்டும் இருந்தால் அது பூக்கும் என்று நினைப்பது தவறு. அக்கொடி நீண்ட பகலை நாடுவது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 35 முதல் 55 பாகை வரையிலான தேசங்களிலேயே அது செழிக்கிறது. ஹாப்புக்குப் பேர்போன பொஹீமியாவின் ஸாட்டெக் பட்டணத்தில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. கோடைக்கானலோ பத்துப் பாகைக்குச் சற்று வடக்கே இருப்பது. அங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலும் 12¾ மணி நேரத்துக்கு மேற்படாது. ஏழாயிரம் அடி உயரம் குளிரைக் கொடுக்கும். பகலை நீட்டிக் கொடுக்காது. அவ்வூரில் 1899-ஆம் வருஷம் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிக்கூடம் இன்றும் இருக்கிறது. 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்கப் பாதிரிமார் குளிரை நாடி அம்மலையேறிய நாள் முதல் அங்கே வந்தவர்கள், தங்கள் தேசத்து மரங்களையும் பழங்களையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். யூகலிப்டஸும் பேரியும் ஒத்துக்கொண்டன. ஆனால் சூரியனை யாரும் பெயர்த்துக் கொண்டுவர முடியவில்லை. இந்தியாவில் ஹாப் பயிரிட்டவர்களும் வடகோடியிலுள்ள லாஹூல் முதலிய ஹிமாலயப் பள்ளத்தாக்குகளுக்கே போக வேண்டியதாயிற்று.

சரக்கைக் காத்தவர்கள்

வாலிபர்களுக்கு இது ஏமாற்றமாய் இருக்கலாம். ஆனால் ஹாப் கொடியிடம் நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. அது ஐரோப்பியர் அக்கொடியைக் காத்த வரலாறு.

ஜெர்மனியில் ஸ்பால்ட் என்றோர் ஊர். 1538-ஆம் வருஷத்திலேயே அவ்வூர் ஹாப் மூட்டைக்குத் தனி முத்திரை ஏற்பட்டது. வேறு ஊர்ப் பூவைக் கலந்து ஸ்பால்ட் என்று விற்பவனைத் தடுப்பதற்கே அம்முத்திரை. ஸாட்டெக்காரர் அதற்கும் மேலே சென்றார்கள். தங்கள் கொடி கலப்பினால் தரம் குன்றியபோது, கரேல் ஓஸ்வால்ட் என்ற விஞ்ஞானி 1920-களில் தோட்டந்தோறும் தேடிச் சிறந்த கொடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வேர்த் துண்டுகளிலிருந்தே பயிரைப் பெருக்கும் வழியைக் காட்டினார். பின்னால் வைரஸ் நோய் பரவியபோது நோயற்ற நாற்றுகளை ஆராய்ச்சிசாலையிலேயே வளர்த்துக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்த பிறகுதான் 2007-இல் ஸாட்டெக் ஹாப் என்ற பெயருக்கு ஐரோப்பிய யூனியனின் சட்டப் பாதுகாப்புப் பெற்றார்கள். 2023-இல் அவ்வூரும் அதைச் சூழ்ந்த ஹாப் வயல்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது வரிசைக் கிரமம். முதலில் பயிர், பிறகு நாற்று, பிறகு சந்தை, இறுதியில் பெயர். கேவலம் ஒரு கசப்புப் பூவுக்காக அவர்கள் இவ்வளவும் செய்தார்கள்.

நம் மலையின் சரக்கு

இனி நம் மலைக்கு வருவோம். பழனி மலைகள் கோடைக்கானல் ஏரியோடு முடிந்துவிடவில்லை. மேல்பழனியிலிருந்து கிழக்கே இறங்கினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, தடியன்குடிசை, பெரும்பாறை, ஆடலூர் என்று கீழ்பழனி ஊர்கள் வருகின்றன. இரண்டாயிரம் அடி முதல் ஐயாயிரம் அடி வரையிலுள்ள அச்சரிவுகளில் காப்பிச் செடியின் நடுவே, ஆரஞ்சும் மிளகும் ஏலமும் சூழ, வானம் பார்த்து விளைவதுதான் விருப்பாட்சி மலைவாழை. அடிவாரத்திலுள்ள விருப்பாட்சி என்னும் ஊரின் பெயர் அதற்கு. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த ஊர் அது. கும்பினியாரை எதிர்த்து 1801-இல் தூக்குமேடை ஏறிய பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆண்ட ஊரும் அதுவே. தேசபக்தர்கள் அப்பெயரை ஒரு காரணத்துக்காக நினைப்பது போல, தமிழ்நாட்டு இல்லங்கள் மற்றொரு காரணத்துக்காக நினைக்கின்றன.

அந்தக் காரணம் பழனிப் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் இவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேர்த்துப் பிசைந்து செய்யும் அப்பிரசாதத்தில் ஒரு துளித் தண்ணீரும் சேர்ப்பதில்லை. அது கெடாமல் இருப்பதற்கு மருந்து ஒன்றும் இடுவதில்லை. கெடாமல் நிற்பது எப்படி? பீர் காய்ச்சுகிறவன் சர்க்கரை நொதிக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறான். பஞ்சாமிர்தம் பிசைகிறவன் சர்க்கரை நொதித்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறான். ஈரம் மிகுந்தால் ஈஸ்ட் பெருகும். ஈரம் குறைந்து இனிப்பு மிகுந்தால் அது செயலற்றுப் போகும். விருப்பாட்சிப் பழம் மற்ற வாழைகளைப் போல நீர் கோத்ததன்று. சதை இறுகி, ஈரம் குறைந்து, மணம் மிகுந்தது. சமவெளியில் பாசனத்தில் விளைந்த பழத்தை அதற்குப் பதிலாக இட்டால் நீர் விடும். நாட்கள் செல்லப் புளிக்கும். ஆகவே அப்பிரசாதத்தின் ரகசியம் கைப்பக்குவத்தில் பாதி, மலையில் பாதி. மலை போனால் பாதி போயிற்று.

பெயர் இருக்கிறது, பயிர்?

மலை போய்க்கொண்டிருக்கிறது என்பதே நமது கவலை. முடிக்கொத்து நோய் என்று தமிழிலும் பஞ்சி டாப் என்று ஆங்கிலத்திலும் வழங்கும் வைரஸ் நோய் அம்மலை வாழையைப் பற்றிக்கொண்டது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும். தார் போடாமலே மரம் நின்றுவிடும். வாழையின் மேல் வாழும் கறுத்த சிறு அசுவுணி ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு நோயைக் கொண்டு போகிறது. நோயுள்ள மரத்தின் பக்கக் கன்று ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கொண்டு போகிறது. பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது. அடியோடு தோண்டி அழிப்பதொன்றே வழி. இலங்கையில் 1913-இல் கண்ட இந்நோய் 1940-இல் கேரளத்தில் புகுந்தது. கீழ்பழனியிலும் சிறுமலையிலும் 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். வாழை போன இடத்தில் காப்பி மாத்திரம் எஞ்சியது. ஒரு முறை நட்டால் வருஷக்கணக்காகப் பக்கக் கன்றுகளால் தழைத்து, காப்பி அறுவடை இல்லாத மாதங்களிலும் தாருக்குத் தார் கையில் காசு தந்த பயிரை மலைக் குடியானவன் இழந்தான்.

இந்த நிலையில் நாம் என்ன செய்தோம்? பெயர்களைப் பதிவு செய்தோம். விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008–09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுவே முதலாவது. கொண்டாடினோம், பத்திரிகைகளும் எழுதின. அவை நல்ல காரியங்களே; குறை கூறவில்லை. ஆனால் நியாயஸ்தலங்களில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைத் திருடுகிறவன் மேல் வழக்குத் தொடுக்க உரிமை தருகிறது. அது அசுவுணி மேல் வழக்குத் தொடுக்காது. விளைச்சல் இல்லாத நிலத்தின் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு பசியாற முடியுமா? ஸாட்டெக்காரர் இறுதியில் செய்ததை நாம் முதலில் செய்தோம். அவர்கள் முதலில் செய்ததை இன்னும் செய்து முடிக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சியில் 1993-இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. நோயற்ற குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உண்டாக்கி, வைரஸ் இல்லை என்று சோதித்து, மலைக்குக் கொடுத்தார்கள். விஞ்ஞானம் தன் பங்கைச் செய்தது. ஆனால் நல்ல கன்று நட்ட தோட்டத்தின் வேலிக்கு அப்பால் நோய் கொண்ட பழைய மரம் நின்றால் என்ன பயன்? அசுவுணிக்குப் பட்டா எல்லை தெரியாது.

செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இங்கே கைகொடுக்கும். 1920-களில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் இதே நோய் வாழைத் தோட்டங்களை ஏறக்குறைய முழுவதும் பாழாக்கியது. மேஜி என்னும் ஆராய்ச்சியாளர் அசுவுணியின் பங்கைக் கண்டறிந்து சொன்னார். அதன்மேல் சர்க்கார் சட்டமியற்றிற்று. அனுமதியின்றி யாரும் கன்று நடலாகாது. பரிசோதகர் தோட்டந்தோறும் வருவார். நோய் கண்ட மரத்தை உடையவன் அழித்தாக வேண்டும். மருந்தே இல்லாத நோயைக் கட்டுப்பாட்டினால் வென்று அங்கே வாழைத் தொழில் மீண்டும் நிமிர்ந்தது. தனியொருவன் செய்ய முடியாததை ஊர் முழுவதும் சேர்ந்து செய்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று காரியங்கள்.

முதலாவது, கீழ்பழனி முழுவதையும் ஒரே தோட்டமாகக் கருதி, ஒரே பருவத்தில் கிராமந்தோறும் நோய் மரங்களைத் தோண்டியெடுக்க வேண்டும். தன் மரத்தை ஊர் நன்மைக்காக வெட்டும் குடியானவனுக்குச் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். நஷ்ட ஈடு இல்லாத கட்டளை காகிதத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, சோதித்த கன்று அன்றி வேறு கன்று மலைக்குள் வரலாகாது. அடிவாரச் சாலைகளிலேயே இதைக் கண்காணிக்கலாம். கன்று இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வேண்டிய அளவு கிடைக்கவும் வேண்டும். நல்லதைக் கொடுக்காமல் கெட்டதைத் தடுப்பது நியாயமன்று.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய பழத்தை இன்ன தரம், இன்ன விலை என்று பருவத்துக்கு முன்பே அறிவித்து, மலைக் குடியானவர் சங்கங்களிடமிருந்து நேராக வாங்கும் ஏற்பாடு நிலைபெற வேண்டும். இது நடவாத கனவன்று. பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையைப் பழனி தேவஸ்தானம் ஈரோடு ஜில்லா கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் ஏலத்திலே விவசாயிகளிடம் வாங்கி வருகிறது. மூட்டை பிரித்து, தரம் பார்த்து, எல்லோரும் காண விலை சொல்லும் முறை அது. கரும்புக் குடியானவனுக்குக் கிடைத்த அந்த மரியாதை வாழைக் குடியானவனுக்கும் கிடைக்கட்டும். தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ அப்படி ஒரு கூடம் ஏற்பட்டு, சமவெளிப் பழத்தை விட மலைப்பழத்துக்கு இவ்வளவு அதிகம் என்று முன்கூட்டியே உறுதி சொன்னால், மரத்தை வெட்டச் சொல்லவும் கன்றை நடச் சொல்லவும் பிரசாரகர் வேண்டியதில்லை. குடியானவன் தானே செய்வான். நஷ்டத்துக்குப் பயிர் செய்து பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று அவனுக்கு உபதேசம் செய்ய நம்மில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

வாலிபர்களுக்கு ஒரு சொல்

யோசனை கொண்டுவந்த வாலிபர்களை நாம் பரிகசிக்கவில்லை. சரக்கின் தரத்தை நாடுவது நல்ல குணம். எங்கு விளைந்தது, எவன் விளைவித்தான், எந்த மழையில் நனைந்தது என்று கேட்டு வாங்குகிறவர்கள் நாட்டில் பெருக வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை அந்நியப் பூவைக் குறித்து மாத்திரம் கேட்பதேன்? கீழ்பழனிக் காப்பியின் தரம் என்ன, மலைத்தேன் கலப்பற்றதா, பஞ்சாமிர்தத்தில் விழும் பழம் எந்தச் சரிவில் பழுத்தது என்று கேட்கட்டும். கேட்டு, அதற்குரிய விலையைத் தயங்காமல் கொடுக்கட்டும். அவர்களுடைய படிப்புக்கும் மூலதனத்துக்கும் அந்த மலையில் வேலை காத்திருக்கிறது. திசு வளர்ப்புச் சாலைகள் வேண்டும், தரம் பிரிக்கும் கூடங்கள் வேண்டும், பழம் நசுங்காமல் இறங்க வண்டிகள் வேண்டும், கணக்கெழுதத் தெரிந்த கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகள் வேண்டும்.

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலைக் கிராமங்களுக்கு நாம் தேர்தல் காலத்தில் ஏறுகிறோம். வெயில் காலத்தில் ஏறுகிறோம். வாழைத் தோட்டத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை ஏறிப் பார்ப்போம். காப்பி நிழலில் இன்னும் எஞ்சி நிற்கும் மரங்களையும், உச்சி கொத்தாகி நிற்கும் மரங்களையும் இரண்டையும் கண்ணால் கண்டு வந்து சட்டசபையிலும் ஜில்லாக் கூட்டங்களிலும் பேசுவோம்.

தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர் காவடி சுமந்து நடக்கிறார்கள். திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பஞ்சாமிர்த டப்பா இருக்கிறது. அதற்குள் மலை இருக்கிறதா, மலையின் பெயர் மாத்திரம் இருக்கிறதா என்பது நாம் இன்று செய்யப்போவதைப் பொறுத்தது.